ஆறாத காப்பி

காப்பி ஆறிப் போவது ஒரு வியாதி என்றால், அந்த வியாதி எனக்கு நாற்பது வருஷமாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் பக்கத்தில் காப்பி வேண்டும். வந்த காப்பியை உடனே குடிக்க மாட்டேன். இந்த வாக்கியம் முடியட்டும், இந்தப் பாரா முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போவேன். கதாநாயகி ரயிலேறிப் போன பிறகு டம்ளரைக் கையில் எடுத்தால், மேலே சுருங்கிய ஆடை ஒன்று மிதக்கும். "இதைக் கொஞ்சம் சுட வச்சுக் கொடேன்" என்று உள்ளே குரல் கொடுப்பேன். என் சம்சாரம் வந்து எடுத்துப் போவாள். மறுபடி சுட வைத்த காப்பியின் ருசியைச் சொல்லத் தமிழில் நல்ல வார்த்தை எதுவும் கிடையாது. அதையும் நான் ஆற விட்டிருக்கிறேன்.

இந்தக் கதையெல்லாம் என் பையனுக்குத் தெரியும். அவன் அமெரிக்காவில் இருக்கிறான். போன கார்த்திகையில் ஊருக்கு வந்த ஒரு சிநேகிதனிடம் அட்டைப் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பினான். உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு பீங்கான் கோப்பை. அது உட்கார ஒரு சிறு தட்டு. தட்டிலிருந்து வால் மாதிரி ஒரு மின்சார வயர். அன்று ராத்திரியே போனில் கூப்பிட்டான்.

"அப்பா, இனிமே உங்க காப்பி ஆறவே ஆறாது!"

வெளிநாட்டில் இதற்கு 'ஸ்மார்ட் மக்' என்று பெயராம். எம்பர் என்ற அமெரிக்கக் கம்பெனி 2016-இல் பிரயாணத்துக்கான குவளையையும், 2017-இல் மேஜைமேல் வைத்துக் குடிக்கும் கோப்பையையும் கடைக்குக் கொண்டுவந்தது. பிறகு பல பேர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வந்தது யார் செய்தது என்பது முக்கியமில்லை. எல்லாவற்றுக்கும் சூத்திரம் ஒன்றுதான். கோப்பைக்குள்ளேயே ஒரு பாட்டரி, சூடேற்றும் ஒரு சாதனம், சூட்டை அளந்து பார்க்கும் ஒரு சிறு கருவி. கையிலிருக்கும் போனில் "எனக்கு 57 டிகிரி போதும்" என்று குறித்துவிட வேண்டியது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய காப்பி 57-க்கு இறங்குகிற வரை கோப்பை சும்மா இருக்கும். இறங்கியதும் விழித்துக்கொள்ளும். அதற்குக் கீழே போக விடாது. பாட்டரியின் பலத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கமாகத் தாங்கும். தட்டின்மேலேயே வைத்திருந்தால் எத்தனை நேரமானாலும் தாங்கும். ஆறிப் போன காப்பியைச் சுட வைத்துத் தா என்றால் மட்டும் அதற்குச் சக்தி போதாது. இருக்கிற சூட்டைக் காப்பாற்றுவதுதான் அதன் உத்தியோகம்.

விலை, அமெரிக்காவில் நூறு டாலருக்கு மேல். சுங்கம் கட்டி இங்கே வரவழைத்தால் நம் பணத்தில் பத்தாயிரத்தைத் தாண்டும். இதை நான் என் சம்சாரத்திடம் சொல்லவில்லை. பையனே சொல்லிவிட்டான்.

"பத்தாயிரமா? அதுலே காப்பியும் சேர்த்தா, வெறும் கோப்பை மட்டுமா?" என்றாள்.

அதற்குப் பிறகு நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா, காசுக்குத் தகுமா என்று என்னைக் கேட்டுவிட்டார்கள். எடுத்த எடுப்பில் பதில் சொல்ல முடியவில்லை. குரங்கணியில் ஒரு மாதம் அதோடு குடித்தனம் நடத்திய பிறகுதான் எனக்கே ஒரு அபிப்பிராயம் ஏற்பட்டது.

மார்கழி பிறந்தால் நாங்கள் குரங்கணிக்குப் போவது வழக்கம். என் மச்சினருக்கு அங்கே மலைச்சரிவில் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. என் சம்சாரம் பிறந்து வளர்ந்த வீடும் அதுதான். முன்பெல்லாம் மதுரையில் இறங்கி பஸ் மாறிப் போவோம். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், அகலப் பாதையாகி 2023-இல் திரும்ப வந்தது. இப்போது சென்னையில் ஏறினால் போடிநாயக்கனூரிலேயே இறங்கலாம். அங்கிருந்து மலையடிவாரம் பஸ்ஸில் போகிற தூரந்தான். கொட்டக்குடி ஆறு கூடவே வரும். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, இலவ மரங்கள். அப்புறம் திடீரென்று சாலை முடிந்து, மலை எழுந்து நிற்கும்.

குரங்கணி என்றால் பலருக்கு 2018 மார்ச் மாதத்துக் காட்டுத் தீதான் ஞாபகத்துக்கு வரும். மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஊரில் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். அதற்கு வெகு காலம் முன்பு இந்த ஊருக்கு வேறொரு பெருமை இருந்தது. மூணாறில் விளைந்த தேயிலை சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இந்தப் பள்ளத்தில் இறங்கும். பிறகு போடிக்கு வண்டி. அப்புறம் கப்பல். சீமைச் சீமாட்டிகளின் கோப்பைக்குப் போகிற தேயிலையெல்லாம் நம் குரங்கணியின் தலைக்கு மேல் ஊஞ்சலாடிக்கொண்டு போயிருக்கிறது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. நூறு வருஷம் கழித்துச் சீமைக் கோப்பை ஒன்றை நான் அதே வழியில் மலையடிவாரத்துக்குக் கொண்டு போனேன்.

மார்கழியும் தையும் அங்கே பழம் எடுக்கிற காலம். விடிவதற்குள் பெண்கள் கூடையோடு வந்துவிடுவார்கள். களத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பழம் காயும். புளித்த பழத்தின் வாடை வீடு முழுவதும் நிறைந்திருக்கும். வந்த முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொள்வோம், நாலாம் நாள் அது இல்லாவிட்டால் எதையோ இழந்த மாதிரி இருக்கும். மச்சினர் சம்சாரத்துக்கு நாலு வருஷமாக முழங்கால் வலி. அதனால் நாங்கள் போனதும் அடுப்படி என் சம்சாரத்தின் கைக்கு வந்துவிடும். அது எப்படி வருகிறது என்று நான் யோசித்ததில்லை. பெட்டியைத் திண்ணையில் வைப்போம். அவள் உள்ளே போவாள். அப்புறம் காப்பி வரும்.

கோப்பையை முன்கூடத்து ஜன்னலோரம் வைத்து எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஒரு அத்தியாயத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் கழித்துக் கோப்பையை எடுத்தேன். சூடு! சற்று முன் கொண்டுவந்து வைத்த மாதிரி சூடு. மச்சினரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுட்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு கோப்பையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"நம்ம ஸ்டோர் மாதிரில்ல இருக்கு மாப்ளே" என்றார்.

ஸ்டோர் என்றால் மளிகைக் கடை அல்ல. போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களில் பச்சை ஏலக்காயைக் காய வைக்கிற அறைக்குத்தான் அந்தப் பேர். விறகு போட்டு, குழாய் வழியாகச் சூட்டைச் செலுத்தி, ஐம்பது டிகிரியைச் சுற்றிப் பிடித்து, ஒரு பகலும் இரவுமாகக் காய வைப்பார்கள். சூடு ஏறினால் காயின் பச்சை போய்விடும். பச்சை போனால் போடி ஏலத்தில் விலை போகாது. மச்சினர் வாலிபத்தில் அப்படி ஒரு ஸ்டோரில் பத்து வருஷம் இருந்தவர்.

"சூட்டை உண்டாக்குறது ஒண்ணும் பெரிசில்லே மாப்ளே. அதைப் பிடிச்சு வைக்கிறதுதான் பாடு. ராத்திரி முழுக்க ஒரு ஆள் முழிச்சிருக்கணும். நாந்தான் முழிச்சிருந்தேன்" என்றார். கோப்பையை என் மேஜைமேல் திரும்ப வைத்தார். "இதுக்குள்ளே யாரு முழிச்சிருக்கா?"

பாட்டரி என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு மூன்று நாளில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. காப்பி ஆறவில்லை, வாஸ்தவம். ஆனால் அது காப்பியாக இல்லை. காப்பி என்பது வெறும் சூடு மட்டுமா? இறக்கிய டிகாக்ஷனின் மணம் சீக்கிரமே பறந்துவிடுகிறது. அதை எந்தப் பாட்டரியும் பிடித்து வைப்பதில்லை. சூட்டிலேயே கிடக்கிற காப்பியில் இருக்கும் அமிலங்கள் மெல்ல மெல்ல உருமாறிக் கசப்பையும் புளிப்பையும் ஏற்றுகின்றன. கல்யாண வீட்டில் காலையிலிருந்து அடுப்போரம் கிடந்த காப்பியைப் பதினோரு மணிக்குக் குடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இதோடு பால் வேறு. மேலே ஆடை படிந்து, அதை விலக்கினால் இன்னொன்று படிகிறது. பாலில்லாத கடுங்காப்பியைப் பெரிய கோப்பையில் ஊற்றி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சுகிற தேசத்துக்காகச் செய்யப்பட்ட சாமான் இது. அங்கே அது நியாயம்.

நம்முடைய சாமான் வேறு. ஒரு நாள் காலை, இதைப் பற்றி யோசித்துக்கொண்டே பஸ் நிற்கிற இடத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் காப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு இரண்டு முழ நீளத்துக்கு ஆற்றிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். உலகத்தில் காப்பியின் சூட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் நாமும்தான். ஆனால் நம் கவலை, அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதல்ல. எப்படி இறக்குவது என்பது. டபரா எதற்கு இருக்கிறது? ஆற்றத்தான். கொதிக்கிற பாலும் டிகாக்ஷனும் சேர்ந்தால் 80 டிகிரிக்குக் குறையாது. நாலு தடவை தூக்கி ஆற்றினால் நாக்கு தாங்குகிற சூட்டுக்கு வந்துவிடுகிறது. நுரை வேறு கட்டுகிறது.

இந்த நாக்கு தாங்குகிற சூடு எவ்வளவு என்று மேல்நாட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரவுன், டில்லர் என்ற இரண்டு பேர் 2008-இல் கணக்குப் போட்டு, வாயும் வேகக் கூடாது, ருசியும் குறையக் கூடாது என்றால் 57.8 டிகிரி சென்டிகிரேட் உத்தமம் என்று சொன்னார்கள். 65 டிகிரிக்கு மேல் சுடச்சுட எதைக் குடித்தாலும் உணவுக் குழாயில் புற்றுநோய் வரச் சாத்தியம் உண்டு என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016-இல் எச்சரித்தது. குற்றம் சூட்டின் மேல்தான், காப்பியின் மேல் இல்லை என்றும் சொன்னது; காப்பி பிரியர்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். ஆக, பத்தாயிரம் ரூபாய்க் கோப்பை எந்த இடத்தில் போய் நிற்க ஆசைப்படுகிறதோ, அதே இடத்தில் கடைக்காரரின் கை இரண்டு வீச்சில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நின்ற இடத்திலேயே பத்து மடக்கில் குடித்து முடிக்கிறோம். ஆறுவதற்கு அங்கே அவகாசம் ஏது?

கோப்பை நமக்கு வேண்டாத பண்டம் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினேன். கட்டுரைகூட மனசில் உருவாகிவிட்டது. ஒரே ஒரு குறை. சும்மா வைத்த டம்ளர் காப்பி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஆறுகிறது என்று ஒரு கணக்கு இருந்தால் கட்டுரைக்கு அழகாக இருக்குமே என்று பட்டது. மச்சினரிடம் பழைய ஸ்டோர் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டு மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுப்படிக்குப் போனேன்.

"ஒரு டம்ளர் காப்பி தனியா வேணும். யாரும் தொடக் கூடாது" என்றேன்.

"எதுக்குங்க?"

விளக்கினேன்.

"அதுக்கு எதுக்குத் தனியா ஒரு டம்ளரை வீணாக்கணும்? இந்தா, என் டம்ளர் இருக்கு, இதிலேயே பாருங்க. இதை நான் இப்பவா குடிக்கப் போறேன்?" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கும் அப்போது அது சாதாரணமாகத்தான் பட்டது. ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் தன் டம்ளரில் காப்பியை ஊற்றி, அலமாரி ஓரத்தில் வைத்தாள். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 70.

வாசலில் கூடைக்காரப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி ஊற்ற ஏழு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து தன் டம்ளருக்குக் கை நீட்டினாள். "அண்ணனுக்கு மாத்திரை கொடுக்கணுமே" என்று அப்படியே கூடத்துக்குத் திரும்பினாள். பத்து நிமிஷம், 55. மச்சினர் சம்சாரம் உள்ளேயிருந்து "ஏம்மா, வெந்நி காய்ஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "இந்தா வந்துட்டேன் மதினி!" வெந்நீர் போயிற்று. பால்காரர் வந்தார். தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். இருபது நிமிஷம், 45. எங்கள் பெண் மதுரையிலிருந்து போனில் கூப்பிட்டு, பேத்திக்கு இருமல், என்ன கொடுக்கலாம் என்று கேட்டாள். ஒரு கையில் போனும் ஒரு கையில் தோசைத் திருப்பியுமாக வைத்தியம் சொன்னாள். நடுவில், "ஏங்க, உங்களுக்கு இன்னொரு காப்பி வேணுமா?" என்று என்னையும் கேட்டாள். வேண்டும் என்றேன். (எழுதுகிறபோது கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.) என் கோப்பையில் அதை ஊற்றி, 57 டிகிரியில் நிறுத்திக் கொடுத்தாள்.

நாற்பது நிமிஷம் ஆனபோது தெர்மாமீட்டரில் 33. மேலே ஆடை.

அவள் ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தாள். மருந்து குடிக்கிற மாதிரி. டம்ளரைத் தொட்டியில் போட்டாள்.

"உங்க கணக்கு முடிஞ்சுதா?"

"தினமும் இப்படித்தான் குடிக்கிறியா?"

"பின்னே எப்படிக் குடிக்கிறதாம்?"

"சூடா எப்போ குடிச்சே கடைசியா?"

இப்படியும் ஒரு கேள்வியா என்று என்னைப் பார்த்தாள். பிறகு நிஜமாகவே யோசித்தாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"பெரியவன் பிறந்தப்போ" என்றாள். "இந்த வீட்டிலேதான். மூணு மாசம் இருந்தேனில்லே? மதினி சுக்குக் காப்பி போட்டு எடுத்துட்டு வருவாக. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பிள்ளையை அவுக மடியிலே வச்சிருப்பாக. ஆவி பறக்கும்." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா இருந்துச்சு" என்றாள்.

பெரியவனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயசு. கோப்பை அனுப்பியவன் அவன்தான்.

எழுத்துத் தொழிலில் காப்பியைப் பற்றி நான் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். கும்பகோணம் டிகிரி காப்பி பற்றி ஒன்று. பித்தளைப் பில்டரின் மகிமை பற்றி ஒன்று. ரயில்வே ஸ்டேஷன் காப்பியின் துரோகம் பற்றி ஒன்று. நாவல்களில் எத்தனை பேருக்குக் காப்பி கொடுத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. கதாநாயகன் வந்தால் காப்பி, சம்பந்தி வந்தால் காப்பி. எல்லாரும் கையில் வாங்கியிருக்கிறார்கள். கொண்டுவந்து கொடுத்தவள் உள்ளே போய் எப்போது குடித்தாள் என்று நான் ஒரு வரிகூட எழுதினதில்லை. எனக்கு அது தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவது?

அன்று சாயங்காலமே கோப்பையை அவளிடம் கொடுத்துவிட்டேன். இது உனக்குத்தான், என் காப்பியை நான் ஆறுவதற்குள் குடித்துக்கொள்கிறேன் என்றேன். முதலில் வேண்டாம் என்றாள். "அப்பாவுக்குன்னு பிள்ளை அனுப்பினதை நான் எப்படி?" என்றாள். பிறகு, மின்சாரச் சாமான், கை நனைந்தால் ஷாக் அடிக்கும் என்றாள். நான் விடவில்லை. ஒரு வாரம் அதில் குடித்தாள்.

அந்த ஒரு வாரத்தில் கோப்பையைப் பற்றி அவள் கண்டுபிடித்ததெல்லாம் நான் ஒரு மாதத்தில் கண்டுபிடிக்காதவை. அது பிடிக்கிறது 295 மில்லி. அவள் குடிப்பது அதில் பாதிகூட இல்லை. ஊற்றினால் கோடைக் கிணறு மாதிரி அடியில் கிடக்கிறது. கனம் வேறு. தொட்டியில் போட்டு மற்றப் பாத்திரத்தோடு ஊற வைக்க முடியாது. தனியாகக் கையில் பிடித்துக் கழுவ வேண்டும். ஆக, அவளுக்குப் பாத்திரம் ஒன்று கூடிற்று. சூட்டைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் என் போனில்தான் செய்ய வேண்டும். நான் தோட்டத்தில் இருந்தால் அவள் காப்பியின் சூடும் என்னோடு தோட்டத்தில் இருக்கும். ஒரு நாள் சாரல் அடித்து மத்தியானம் முழுவதும் கரண்ட் இல்லை. கோப்பையும் படுத்துவிட்டது.

இவையெல்லாம் சில்லறைக் குறைகள். ஏழாம் நாள் அவள் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அன்று காலை ஆறு மணிக்கு ஊற்றிய காப்பியை ஏழேகாலுக்குக் குடித்துக்கொண்டிருந்தாள். சூடாகத்தான் இருந்தது.

"எப்படி?" என்றேன்.

"சூடு இருக்கு. முன்னே எல்லாம் ஆறிப் போகுதேன்னு ஒரு பதைப்பு இருக்கும். நாப்பது நிமிஷத்திலே எப்படியும் வந்து குடிச்சிருவேன். இப்போ, அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆறாதுன்னு தோணிப் போகுது. இன்னும் ரெண்டு வேலையை முடிச்சுட்டே வரலாம்னு போயிடுறேன்" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. கோப்பைக்குச் சாதகமாகத்தான் சொன்னாள்.

வாங்கலாமா என்று கேட்ட நண்பர்களுக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். தனி அறையில், மேஜை முன்னால், பாலில்லாத காப்பியையோ தேநீரையோ பெரிய கோப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குடிக்கிறவர், பத்தாயிரம் போனால் உறுத்தாதவர், அவர் வாங்கலாம். சந்தோஷப்படுவார். ஆனால் கோப்பைக்குள் இருப்பது சாதாரண லித்தியம் பாட்டரி. போன் பாட்டரி எப்படிக் கிழடு தட்டுகிறதோ அப்படியே இதுவும் சில வருஷத்தில் தட்டும். கழற்றி மாற்றுகிற மாதிரி வைக்கவில்லை. அந்தப் பீங்கானைத் திறந்து பார்க்கப் போடியில் எந்த எலக்ட்ரீஷியனும் ஒப்ப மாட்டார். டபரா டம்ளர் குடும்பத்துக்கு இது வேண்டாம். கைக்குழந்தையோடு இருக்கிறவளுக்கோ, நோயாளிக்குப் பக்கத்தில் கண் விழிக்கிறவருக்கோ, காப்பி சூடாக இருக்க வேண்டுமென்றால் ஒரு நல்ல பிளாஸ்க் போதும். 1892-இல் ஜேம்ஸ் டேவர் என்ற விஞ்ஞானி தன் ஆராய்ச்சிச்சாலைக்காகக் கண்டுபிடித்தது. உள்ளே பாட்டரி இல்லை, எஜமானனின் போன் வேண்டாம். கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றிக் குடிக்கலாம். சில நூறு ரூபாய்தான்.

பிளாஸ்க் வாங்கித் தரட்டுமா என்று என் சம்சாரத்தையும் கேட்டேன். "வீட்டிலே மூணு இருக்கே" என்றாள். இருக்கிறது, எல்லாம் விருந்தாளிக்கு.

பையன் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். கோப்பை எப்படி இருக்கிறது என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குப்பா, அப்பா அதிலேதான் குடிக்கிறார்" என்று சொல்லிவிட்டாள். அவன் சந்தோஷப்பட்டான். உனக்கும் ஒன்று அனுப்பட்டுமா அம்மா என்று கேட்டான். "எனக்கெதுக்கு?" என்றாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் நான் ஐந்தரைக்கே எழுந்து அடுப்படிக்குப் போனேன். பில்டரில் பொடி எவ்வளவு போட வேண்டும் என்று மச்சினர் சம்சாரம் கட்டிலிலிருந்தபடியே சொன்னாள். அப்படியும் கொஞ்சம் நீர்த்துவிட்டது. சர்க்கரை கூடுதல். டபராவில் ஆற்றும்போது பாதிக் கைமேல் கொட்டிற்று. மிச்சத்தைச் சில்வர் டம்ளரில் எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனேன். அவள் தலையைக்கூட முடியாமல் உட்கார்ந்து, மலைக்குப் பின்னால் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள்.

"டிகாக்ஷன் இறங்கறதுக்குள்ளே எடுத்திருக்கீங்க" என்றாள்.

"சூடு?"

"அது இருக்கு."

இரண்டாவது வாய்க்கு டம்ளரைத் தூக்கும்போது, களத்துப் பக்கமிருந்து கூடைக்காரப் பெண் ஒருத்தி, "அம்மோவ்!" என்று கூப்பிட்டாள். பழக்கத்தில் இவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ இரு" என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றந்தான். கூடை அடி விட்டுவிட்டதாம், வேறு கூடை வேண்டுமாம். கூடைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. அவளே காட்டினாள்.